ஒரு மடக்குத் தண்ணீர்

“என் நாக்கு ஒரு தராசு. எந்தச் சரக்கை வேணும்னாலும் அதுல வச்சுப் பாருங்க. நல்லதா, கெட்டதா, கலப்படமான்னு சொல்லிரும். அப்புறம் ஒரே ஒரு மடக்குத் தண்ணி. முள்ளு நடுவுக்கு வந்துரும். எந்த ருசியையும் நான் என் வாயில குடியிருக்க விட்டதில்ல. வாடகைக்குக்கூட விட்டதில்ல.”

திருவொற்றியூர் கல்யாண மண்டபம் ஒன்றில், மளிகை மொத்த வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழாவில், கழுத்தில் துண்டுமாலையும் கையில் மைக்குமாக நின்று ஆசீர்வாதம் அண்ணாச்சி ஆற்றிய பேருரை இது. கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தேவகிருபை மட்டும் கைதட்டாமல், கையிலிருந்த பாயாசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாக்குக்கு இருபத்தாறு வருஷமாகப் பொங்கிப் போட்டவள் அவள். மத்தியானம் வைத்த குழம்பு எப்படி என்று சாயங்காலம் கேட்டால், “எந்தக் குழம்பு?” என்று கேட்கிற தராசு அது. கேட்பதை அவள் விட்டு வெகுகாலம் ஆகிறது.

காலடிப்பேட்டையில் அண்ணாச்சியின் கடைக்குக் காலையில் தரகர்கள் வருவார்கள். எவர்சில்வர் தட்டில் வெல்லம், புளி, முந்திரி, நல்லெண்ணெய் என்று சாம்பிள் வரிசையாக வரும். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வாயில் போடுவார். தீர்ப்புச் சொல்வார். தண்ணீர் குடிப்பார். அடுத்தது. இதில் மொத்த வியாபாரிகளுக்கே உரிய ஒரு சம்பிரதாயம் உண்டு: சாம்பிள் என்பது சாப்பாடு அல்ல. கை நிறைய முந்திரியை மென்று விழுங்கினாலும் அது தொழில். சர்க்கரை வியாதிக்காக டாக்டர் இனிப்பை அடியோடு நிறுத்தச் சொன்னபோது, அண்ணாச்சி அன்றைக்கே நிறுத்திவிட்டார். மறுநாள் காலை நாலு ஊர் வெல்லத்தைப் பரிசோதித்தார். இரண்டும் உண்மை. அவர் மனசாட்சியில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்படித்தான் ஒரு காலையில் தீனா என்ற தரகர், வெள்ளை வெளேரென்று, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு புதுக் கொட்டையைக் கொண்டுவந்து தட்டில் கொட்டினார். ஏதோ மலைப் பிரதேசத்துப் பைன் மரத்துக் கொட்டையாம். பெரிய இடத்துக் கல்யாணங்களில் அல்வாவுக்கு மேலே தூவுகிறார்களாம். அண்ணாச்சி ஒன்று போட்டார். வெண்ணெய் மாதிரி இருந்தது. தீர்ப்பை உறுதிப்படுத்த ஒரு பிடி போட்டார். பிறகு, “நம்ம ஏரியாவுல இதுக்கு ஆள் கிடையாதுப்பா” என்று சொல்லி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, மறந்தும் போனார்.

மிச்சம் கிடந்ததைக் கடைவாசலில் கூடை வைத்து மீன் விற்கும் பச்சையம்மாவின் கையில் கொட்டினார். அடுத்தவன் சாம்பிளைத் தானம் செய்வதில் அண்ணாச்சிக்கு இணை கிடையாது.

ஒரு நாள் கழிந்தது. அதற்கு மறுநாள் காலை, காபியின் வாலில் ஒரு கசப்பு.

“சிக்கரி கூடிப்போச்சு” என்றார். சிக்கரியே போடாத காபி அது.

கடைக்கு வந்து உட்கார்ந்தார். முதல் தட்டில் வெல்லம். முன்னால் இனித்தது. பிறகு, யாரோ பின்வாசல் வழியாக நுழைந்ததுபோல, நாக்கின் அடியிலிருந்து மெல்ல ஒரு கசப்பு எழுந்து வந்தது. துருப்பிடித்த ஆணியை வேப்பெண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி. தண்ணீர் குடித்தார். போகவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தார். அங்கேயே நின்றது.

“வெல்லம் சரியில்ல. திருப்பி அனுப்பு.”

அடுத்து நல்லெண்ணெய். அதுவும் கசந்தது. திருப்பி அனுப்பினார். புளி திரும்பிப் போனது. பருப்பும் போனது. கடையில் மூட்டை தூக்கும் மணி, அண்ணாச்சியின் வயதுக்காரர், இறக்கிய மூட்டையெல்லாம் மறுபடி டெம்போவில் ஏற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னா அண்ணாச்சி, இன்னிக்கு ஊர்ல கீற சரக்கு அத்தினியும் கலீஜா?”

“பூரா கலப்படம் மணி. உலகம் கெட்டுப்போச்சு.”

உலகத்தின் மேல் இந்தத் தீர்ப்பை எழுதிவிட்டு, அண்ணாச்சி சம்பளக்காரர் யாரும் பார்க்காத நேரத்தில் தன் சொந்த மூட்டையிலிருந்து ஒரு துண்டு கற்கண்டை எடுத்து வாயில் வைத்தார். அவரே போன மாதம் ருசி பார்த்து வாங்கிய கற்கண்டு. அதுவும் கசந்தது.

அப்போதுதான் புரிந்தது. கெட்டது சரக்கு இல்லை. தராசு.

இந்தப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்குப் பயப்படத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டாம். காற்று திசை மாறினால் மூக்கு விழித்துக்கொள்ளும். இன்றைக்கு வருவது எந்த ஆலையின் நெடி, ஜன்னலைச் சாத்தினால் போதுமா, ஊரைவிட்டு ஓட வேண்டுமா என்று தூக்கத்திலேயே கணக்குப் போடுவார்கள். ஆனால் அந்த நெடியெல்லாம் வெளியிலிருந்து வருவது. இது உள்ளேயிருந்து வந்தது. எந்த ஜன்னலைச் சாத்துவது?

தவிர, அண்ணாச்சிக்கு வேறொரு பயம் இருந்தது. இதே கடையில், இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் அப்பா ஒருநாள் தேன் பாட்டிலைத் திறந்து விரலால் தொட்டு நக்கிவிட்டு, “வாய் கசக்குடே” என்றார். மறுநாளும் சொன்னார். அந்த வாரம் முடியுமுன் அவரைக் காசிமேட்டுக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தார்கள். ஈரல் போய்விட்டது என்றார்கள். அண்ணாச்சிக்கு மருத்துவம் தெரியாது. தேன் கசந்தது, ஆள் போனார், அவ்வளவுதான் தெரியும். அவர் கற்கண்டுத் துண்டைத் துப்பித் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் வைத்துக்கொண்டார் என்பது அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பட்டது. யாருக்கும் தெரியாமல் தேரடிப் பக்கம் ஒரு டாக்டரிடம் போனார்.

“புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லியே. இட்லி, சோறு, மீன் குழம்பு.”

“இனிப்பு?”

“தொடுறதே கிடையாது சார்.”

“நட்ஸ், பருப்பு, வெளியில வாங்கின பண்டம்?”

“வெளியில நான் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன்.”

சங்கத்துக் கூட்டத்தில் பேசிய அதே கம்பீரத்தோடு, எள்ளளவும் பொய் இல்லாத உள்ளத்தோடு சொன்னார். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். “எதுக்கும் ரத்தம் பாத்துடலாம். லிவரையும் பாத்துடலாம்.”

‘எதுக்கும்’ என்ற அந்தச் சின்னச் சொல் அண்ணாச்சியை வழியெல்லாம் துரத்திக்கொண்டு வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து அன்று சாயங்காலம் தேவகிருபையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குடோன் சாவி எது, பின்கதவுச் சாவி எது, எந்தத் தரகர் நம்பகமானவர், எவன் சிரித்துக்கொண்டே கவிழ்ப்பான் என்றெல்லாம் விளக்கினார்.

“இதெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்லுதீய?”

“தெரிஞ்சு வச்சுக்க. பொம்பளைக்கும் வியாபாரம் தெரியணும்.”

கல்யாணமான நாள் முதல் கடை வாசற்படியில் அவள் நிற்பதையே விரும்பாத மனுஷன் சொன்ன இந்த வாக்கியம் அன்றிரவு அவளைத் தூங்க விடவில்லை. ஆனால் அது ஒன்றுமில்லை. உண்மையான இடி மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் விழுந்தது. அவள் வஞ்சிரம் வறுத்திருந்தாள். அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார். கசப்பு எழுந்தது. முகத்தில் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்து விழுங்கிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நல்லா இருக்கு.”

தேவகிருபையின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அடுக்களைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பூந்தமல்லியில் தங்கி வேலை பார்க்கும் மகள் பெர்சிஸுக்குப் போன் போட்டாள்.

“உங்கப்பா சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்லுதாவ.”

“என்னம்மா ஆச்சு அப்பாவுக்கு?”

“தெரியலட்டி. பயமா இருக்கு.”

“இரு. லீவு போட்டுட்டு வர்றேன்.”

அண்ணாச்சி மத்தியானங்களில் வீட்டுக்குப் போகாமல் குடோனில் அரிசி மூட்டைகளின் மேல் சாய்ந்து கிடக்கத் தொடங்கினார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த அதிர்வு மூட்டை வழியாக முதுகுக்கு வரும். நாக்கு செத்துவிட்டதா, உயிர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாயில் எதுவும் வைக்காமல், பழைய ருசி ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று தேடினார். தேடத் தேட வெறும் இருட்டு. எப்படி வரும்? எதையும்தான் குடியிருக்க விடவில்லையே. ஒவ்வொன்றையும் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தெருவில் விட்டவர் அல்லவா.

போகும்போது கையோடு கொண்டுபோக ஒரு ருசிகூட இல்லை என்ற எண்ணம், ஈரலைப் பற்றிய பயத்தைவிட ஒரு படி மேலாக அவரை அழுத்தியது. எழுந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்த அந்த நிமிஷத்தில், கேட்காமலே ஒன்று வந்தது. மாங்காய் போட்ட சாளைமீன் குழம்பு. கல்யாணமாகி வந்த புதிதில் தேவகிருபை வைத்தது. வெந்தயம் தீய்ந்துபோயிருந்தது. புளிப்புக்கும் உறைப்புக்கும் பின்னால், கடைசியாக, தொண்டைக்கு மேலே எங்கோ அந்தத் தீய்ந்த வெந்தயத்தின் இளங்கசப்பு, ஒரு புகைபோல. அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தது, பச்சைப் புடவை, எல்லாம் கூடவே வந்தன. அன்று சாயங்காலம்தான் அவள் முதல்முதலாகக் கேட்டாள், குழம்பு எப்படி என்று. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, “எந்தக் குழம்பு?” என்றார்.

இருபத்தாறு வருஷமாக வாடகை கொடுக்காமல், சத்தம் காட்டாமல், இந்தக் குழம்பு அவருக்குள்ளே குடியிருந்திருக்கிறது. அண்ணாச்சி அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டார். இதைச் சொல்லாமல் போய்விடுவோமோ என்று இப்போது ஒரு புதுப்பயம் சேர்ந்துகொண்டது. பழைய பயம் இறங்கி இடம்விடவும் இல்லை.

மறுநாள் காலை கடைவாசலில் பச்சையம்மா மீன் கூடையைப் பிரிக்காமலே முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, விடியற்காலையிலேயே தெருவை எழுப்புகிற குரல் அவளுடையது. அன்றைக்கு அவள் குரலே இல்லை.

“என்ன பச்சையம்மா, உடம்பு சரியில்லையா?”

“ஒண்ணியும் இல்ல. உன் மொகம் இன்னாத்துக்கு இப்படி பேஜாராக்கீது? அத்த சொல்லு மொதல்ல.”

யாரிடமும் சொல்லாததை அண்ணாச்சி அவளிடம் சொல்லிவிட்டார். மனைவியிடம் சொன்னால் அழுவாள், டாக்டரிடம் சொன்னால் ஊசி போடுவார், பச்சையம்மா திட்டத்தான் செய்வாள் என்ற தைரியம்.

“வாய் கசக்குது. எது தின்னாலும் கசக்குது.”

பச்சையம்மா முக்காட்டை விலக்கினாள். கண் விரிந்தது. “உனக்குமா?”

“உனக்குமான்னா?”

“நாலு நாளா கசந்துகினு கீது அண்ணாச்சி. நண்டு துன்னா கசக்குது, டீ குட்ச்சா கசக்குது. எங்க ஆத்து மீனுலதான் இன்னாவோ கலந்துட்ச்சின்னு நெனச்சி வாயத் தொறக்கல. வெளிய சொன்னா எவன் எங்கையில மீன் வாங்குவான்? ஏற்கெனவே ஆத்துல ஆலை எண்ணெ மெதந்து வந்த வருசம் நாங்க பட்டது போதாதா. வூட்ல புள்ளைங்களுக்குக்கூட பயந்துகினேதான் ஆக்கிப் போடுறேன்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு என்றால் ஈரல். இரண்டு பேருக்கு என்றால்? காற்றா, தண்ணீரா? ஊரே போகப்போகிறதா? அண்ணாச்சியின் கண்ணுக்கு முன்னால் காலடிப்பேட்டை முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டது.

மூட்டையோடு போய்க்கொண்டிருந்த மணி நின்றார். “எனக்கு ஒண்ணியும் கசக்கலியே. நானும் இதே தண்ணியதான் குட்சிகினு கீறேன். இதே காத்ததான் இஸ்துகினு கீறேன். நீங்க ரெண்டு பேரு மட்டும் அப்பிடி இன்னாத்த துன்னீங்க?”

“நான் ஒண்ணுமே திங்கலைப்பா” என்றார் அண்ணாச்சி, டாக்டரிடம் சொன்ன அதே குரலில்.

“யாரு, நீயா?” என்றாள் பச்சையம்மா. “அந்தத் தரகரு குடுத்த வெள்ளக் கொட்டைய அள்ளி அள்ளி வாயில போட்டியே, அது இன்னா? மிச்சத்த என் கையில கொட்டினியே?”

“அது சாம்பிளு.”

“வயித்துக்குள்ளதான போச்சி?”

“போச்சு. ஆனா சாம்பிளுல்லா அது.”

“உன் வயித்துக்கு அது தெரியுமா அண்ணாச்சி?”

மணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது.

அன்று மத்தியானம் லீவு போட்டு வந்திறங்கிய பெர்சிஸிடம் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அப்பாவைக் கையோடு பிடித்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள். ரத்தப் பரிசோதனையில் ஈரல் தங்கமாக இருந்தது. சர்க்கரை மட்டும், இனிப்பையே தொடாதவருக்கு இருக்க வேண்டிய அளவில் இல்லை. டாக்டர் கொட்டைக் கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“பைன் கொட்டை எல்லாமே இல்ல, அதுல சில வகை மட்டும் இப்படிச் செய்யும். சாப்பிட்ட அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும். அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் பின்னாடியே கசப்பு வரும். ஏன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. தானாப் போயிடும். பயப்பட ஒண்ணுமில்ல.”

“தண்ணி எவ்வளவு குடிச்சும் போக மாட்டேங்குதே சார்.”

“கொட்டைன்னாலே எண்ணெய்தானே. நல்லெண்ணெய் விக்கிறீங்க, எண்ணெயைத் தண்ணி கழுவுமா? அதுவும் தவிர, ருசி நாக்கோட நிக்கிற சமாச்சாரம் இல்ல. பாதி ருசி வாசனை. அது தொண்டைக்குப் பின்னால மூக்குக்கு ஏறிடும். அங்கேருந்து ஞாபகத்துக்கு ரொம்பக் கிட்ட. அங்க போய் உக்காந்துட்டா எந்தத் தண்ணியும் எட்டாது.”

அண்ணாச்சி வாசலுக்கு வந்ததும் சட்டைப் பைக்குள் கைவிட்டு, தாளில் மடித்திருந்த கற்கண்டைச் சாக்கடையில் போட்டார்.

டாக்டர் சொன்னபடி கசப்பு தேய்ந்துகொண்டே வந்து ஒரு காலை காணாமல் போனது. பச்சையம்மாவின் குரல் தெருவுக்குத் திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக, அண்ணாச்சி சாம்பிள் சாப்பிட்டுச் சாகக் கிடந்த வரலாற்றைத் தேரடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவுக்கும் அவரையே பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

கசப்பு போன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் தேவகிருபை அடுக்களையிலிருந்து, இப்போதும் கொஞ்சம் பயம் தெளியாத குரலில் கேட்டாள். “இன்னைக்கு என்ன வைக்கட்டும்?”

அண்ணாச்சி பேப்பரை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“சாளை கிடைச்சா மாங்கா போட்டு வை.”

“சரி.”

“வெந்தயத்தக் கொஞ்சம் தீய விடு.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. தேவகிருபை வாசற்படிக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அன்னைக்கு எந்தக் குழம்புன்னு கேட்டீய.”

அண்ணாச்சி பேப்பரில் ஆழ்ந்துவிட்டார். அது தலைகீழாக இருந்தது.

சாளையைப் பச்சையம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள். வெந்தயம் சரியாக எவ்வளவு தீய வேண்டுமோ அவ்வளவு தீய்ந்தது. அண்ணாச்சி சாப்பிட்டார். ஞாயிறு லீவுக்கு வந்திருந்த பெர்சிஸ் வழக்கம்போல ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். அவர் சோற்றை வழித்துத் தின்று முடித்து, கை கழுவி வந்து, வாயைத் துண்டால் மட்டும் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தண்ணி குடிக்கலியாப்பா?”

“அப்புறம் குடிக்கேன்.”

சாயங்காலம் தேவகிருபை விளக்கு போட வந்தபோது டம்ளர் அதே இடத்தில் இருந்தது. தண்ணீர் நிறைந்தபடியே, மேலே ஒரு தூசி மிதந்துகொண்டிருந்தது. அவள் குழம்பு எப்படி என்று கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாசல் செம்பருத்தியில் ஊற்றினாள்.